நண்பகல் வரை கெடு

“சுவாமி, என் கை நடுங்குகிறது. இதை நிறுத்த வழி சொல்லுங்கள்.”

கேட்டவர் தளபதி கொரேனிச். குரோஷியாவில், ஒழுகும் கோட்டையும் பழம்பெருமையும் மட்டுமே மிஞ்சிய ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பேரரசரின் குதிரைப்படையில் சேர்ந்தார். முப்பது வருடத்தில் எட்டாயிரம் பேருக்குத் தளபதியானார்.

துறவி சிமே அவரைவிட இருபது வயது இளையவர். மடத்துத் தோட்டத்தில் வெங்காயப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எப்போதிலிருந்து?”

“நேற்று ஆணை வந்ததிலிருந்து.”

யவோர்யே கிராமத்தார் போருக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுத்துவிட்டார்கள். தேவாலயத்துக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். நாளை நண்பகலுக்குள் வெளியே வராவிட்டால் பீரங்கியால் தகர்க்க வேண்டும். அதுதான் ஆணை.

“நான் பிறந்த ஊர், சுவாமி. எனக்குப் பால் கொடுத்தவளின் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். சுட மறுத்தால் என் தலை போகும். சுட்டால்…”



“இதற்கு முன் தேவாலயத்தைச் சுட்டதில்லையா?”

“சுட்டிருக்கிறேன். வடக்கே. இரண்டு.”

“உள்ளே ஆட்கள்?”

“இருந்தார்கள்.”

“அப்போது கை நடுங்கியதா?”

“இல்லை.”

“யார் அவர்கள்?”

“தெரியாது. நான் விசாரிக்கவில்லை.”

துறவி எழுந்தார். மண் ஒட்டிய விரல்களால் தளபதியின் கையைப் பிடித்து, நாடி பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“இப்போதுதான் குணமாகிறது. நிறுத்தச் சொல்கிறீர்களே.”

தளபதி குதிரை ஏறினார்.

மறுநாள் கெடு முடிய ஒரு மணி நேரம் இருந்தது. தளபதி வாளைக் கழற்றி உபதளபதியிடம் கொடுத்தார். தான் சொல்லாமல் யாரும் சுடக்கூடாது என்றார். தனியாக நடந்தார். பதினான்கு பீரங்கிகள் அவர் முதுகைப் பார்த்து நின்றன.

தேவாலயத்தின் கதவைத் தட்டினார்.

“யார்?” உள்ளிருந்து ஓர் ஆண் குரல்.

“கொரேனிச்.”

“எத்தனை பேரோடு?”

“நான் மட்டும்.”

“எதற்கு?”



“உள்ளே யார் யார் இருக்கிறீர்கள் என்று விசாரிக்க.”

“தூக்கில் போடவா?”

“இல்லை. பெயர் தெரிந்துவிட்டால் என்னால் சுட முடியாது.”

உள்ளே கிசுகிசுத்தார்கள்.

பிறகு கதவிடுக்கில் ஒரு பெண் குரல் வந்தது.

“மாரா. என் மகன் பெயர் பெட்டார்.”