நூரி விழுந்த சேறு

டேய், பாலைவனத்துல மழைன்னதும் ஏண்டா சிரிக்கிறீங்க? நாலு சொட்டு விழுந்தா வேலைக்கு மட்டம் போடுற கும்பல்தானே நீங்க. அங்க பேஞ்சது அடைமழை. வருஷக்கணக்கா காஞ்சு கெடந்த களிமண் வெளி, எண்ணெய் தடவுன தோசைக்கல்லாட்டம் வழுக்குச்சு.

மைமூனா குரு. இத்ரீஸ் சிஷ்யன். குருவைவிட சிஷ்யனுக்கு வயசு ஜாஸ்தி. ஊர்ல பஞ்சாயத்து பண்ணிட்டு இருந்த மனுஷன். தப்பு யார் மேலன்னு சொல்லாம அவருக்குச் சோறு எறங்காது.

அந்த வெளியில ஒரே ஒரு தடத்துலதான் தரை கெட்டி. அது தெரியறதுக்குன்னு யாரோ எப்பவோ அங்கங்க மூணு மூணா கல்லு வச்சிருந்தாங்க. ஊருக்குத் திரும்பி வர்றப்ப, இத்ரீஸ் சினை ஒட்டகம் நூரியைப் புடிச்சிக்கிட்டு முன்னாடி போனார். கல்லைப் பாத்துப் பாத்துத்தான் போனார். ஒரு எடத்துல கல்லு இல்ல. நேரா நடந்தார். தடம் அங்க வளையுது, அவருக்குத் தெரியல.

நூரியோட பின்னங்கால் ரெண்டும் ரெண்டு பக்கமா வழுக்கி விரிஞ்சு, அப்படியே சேத்துல சரிஞ்சிடுச்சு. இடுப்பு விட்டுப்போச்சுன்னா ஒட்டகம் அப்புறம் எந்திரிக்காது. வயித்துல குட்டி வேற.

"எந்த நாசமாப் போறவன் இங்க இருந்த கல்லைப் புடுங்குனான்?"

"கயித்தைக் குடுங்க பாய்."

"கல்லைக்கூடவா திருடுவானுங்க? இவனுங்கல்லாம் மனுஷங்களா?"

"திட்டிக்கிட்டே குடுங்க. கயிறு உங்க கையிலதானே இருக்கு, வாயில இல்லியே."

சுமையை எறக்குனாங்க. விரிஞ்ச காலைக் கிட்ட இழுத்து, மறுபடி விரியாம கயித்தால கட்டுனாங்க. அடியில கோணிச்சாக்கைத் திணிச்சாங்க. நூரி முக்கி முனகி எந்திரிச்சுச்சு. உடம்பு நடுங்குச்சு. ஆனா நின்னுச்சு.

இத்ரீஸுக்கு ஆறல.

"அவன் யாருன்னு தெரியாம நான் நகரமாட்டேன், குருவே."

"தெரிஞ்சா?"

"இதே சேத்துல முட்டி போட வச்சு, நூரிகிட்ட மன்னிப்பு கேக்க வைப்பேன்."

"வாங்க, காட்டுறேன்."

கம்பை எடுத்துக்கிட்டுக் கெளம்புனார் மனுஷன். கொஞ்ச தூரத்துல ஒரு முள்ளு மரம். மழைக்கு முன்னாடி, போற வழியில அவங்க தங்குன எடம். மரத்தடியில மூணு கல்லு. சாம்பலை மழை கழுவிட்டுப் போயிருந்துச்சு, கல்லுல கரி மட்டும் போகல. அடுப்புக்கு எவ்வளவு வாகா இருக்கு பாருங்கன்னு அன்னிக்கு அவரே பீத்திக்கிட்டுத் தூக்கியாந்த கல்லுங்க.

கம்பு கீழ விழுந்துச்சு. "நான்தான்"னு சொன்னார். திரும்பி நடந்து வந்து, நூரி முன்னாடி சேத்துல முட்டி போட்டார். போட்டதும் கோவம் மறுபடி பொத்துக்கிச்சு.

"நான் எடுக்கறப்ப நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் பாய். இங்க எங்க மழை வரப்போவுதுன்னு விட்டுட்டேன். குளிரா இருந்துச்சு, டீ வேணும்போல இருந்துச்சு. கொஞ்சம் தள்ளிக்குங்க, நானும் முட்டி போடணும்."