பறவை எழுத்தில் எழுதிய ஓலை

அரசாங்க ரகசியம் அரசனுக்குத்தான் முதலில் தெரியும் என்று கற்றறிந்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது மிகப் பெரிய பிழை. இதைத் திருத்தாமல் கதைக்குள் நுழைவது முறையல்ல. அரசனுக்குத் தெரிவது பெரும்பாலும் கடைசியில்தான்.

வேங்கைநாட்டில் ஒரே ஏரி, நான்கு ஊர்கள். எந்த ஊருக்கு முதல் தண்ணீர் என்று மன்னன் மருதவேந்தன் ஆண்டுதோறும் தனியே சீட்டு எடுப்பான். விடையை ஓலையில் எழுதி, அரக்கு முத்திரை வைத்து, ஆடிப்பெருக்கன்று சபையில் உடைத்துப் படிப்பார்கள். முன்பே தெரிந்தால் பணக்காரர்கள் அந்த ஊர் நிலத்தை வளைத்துப் போட்டுவிடுவார்களே! முத்திரை போதாதென்று மன்னன் ஒரு ரகசிய எழுத்தும் கண்டுபிடித்தான். எழுத்துக்கு ஒரு பறவை. ‘க’வுக்கு மயில், ‘ம’வுக்குக் காகம்.

"என் எழுத்தை உடைக்க ஆள் இல்லை!" என்றான் மன்னன்.

பிரதானி கோதண்டராயர் தொண்டையைக் கனைத்தார். "நம் செவ்வந்தியப்பன் உடைத்துவிடுவேன் என்று கடைத்தெருவில் சொல்லித் திரிகிறானாம், மகாராஜா."

செவ்வந்தியப்பன் சபையைச் சிரிக்க வைப்பவன். கடைத்தெருவில் அவன் சொன்னது, முத்திரை வைக்குமுன் மன்னன் சபையில் தூக்கிக் காட்டிய ஓலையில் காகங்கள் வாத்துப் போல இருக்கின்றன என்பது மட்டுமே. அதை இப்போது சொன்னால் இன்னும் மோசம்.

"அப்படியா? ஓலையில் எந்த ஊர் என்று நாளைக்குள் சொல். சொல்லாவிட்டால் பொய்ப் பெருமை பேசியதற்காக நாட்டை விட்டு வெளியே போ. ஓலையைத் தொட்டாலோ தலை போகும்!"

"தொடாமல் படிக்க வேண்டும். சரி, மகாராஜா" என்றான் செவ்வந்தியப்பன்.

ஓலைப் பெட்டியின் பக்கமே அவன் போகவில்லை. குதிரை ஏறி நான்கு ஊர்களையும் சுற்றினான். கோடை காய்ந்து கிடந்தது. முறை தெரியாமல் எவரும் நாற்று விடுவதில்லை. தண்ணீர் தாமதமானால் நாற்று முற்றிப் போகும். மூன்று ஊர்களில் புழுதி பறந்தது. நான்காவது ஊரில் குதிரை தானாகவே நின்று, வரப்பைத் தாண்டி வாயை நீட்டியது.

மறுநாள் சபை கூடியது. பிரதானியின் முகத்தில் கல்யாணக்களை.

"என்ன, உடைத்தாயா?" என்றான் மன்னன்.

"முதல் தண்ணீர் நெடுங்குளம்பட்டிக்கு, மகாராஜா."

மன்னன் அரியணையை விட்டே எழுந்துவிட்டான். "ஓலையைத் தொட்டிருக்கிறாய்!"

"நான் படித்தது ஓலையை அல்ல. வயலை. அந்த ஊரில் ஒரே ஒரு வயலில் நாற்று விட்டிருக்கிறார்கள். கூலியாட்கள் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். யார் வயல் என்று கேட்டேன். ஊரில் பாதி நிலத்தைப் போன வாரம்தான் பிரதானியாரின் மைத்துனர் அடிமாட்டு விலைக்கு வாங்கினாராம்."

"முத்திரையை நான் உடைக்கவில்லை!" என்று கத்தினார் பிரதானி. "அரக்கு வைக்கும்போது பறவைகளை எண்ணினேன், அவ்வளவுதான்! நான்கில் நீளமான பெயர் அது ஒன்றுதானே? எண்ணுவது ஒரு குற்றமா?"

மன்னன் மெல்லக் கேட்டான்: "செவ்வந்தி, பறவைகளை எண்ணினாலே ஊர் தெரிந்துவிடும் என்று உனக்கும் தெரியுமா?"

"பார்த்த அன்றே தெரியும், மகாராஜா."

"பிறகு ஏன் எண்ணவில்லை?"

"எண்ணியிருந்தால் எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். நாலு ஊரும் ஒன்றாகத் தெரிந்துகொள்ளத்தானே நாள் குறித்திருக்கிறீர்கள்? அதோடு, எனக்கு மைத்துனர் இல்லை."

மன்னன் வயிறு வலிக்கச் சிரித்தான். தன் மோதிரத்தைக் கழற்றி அவன் விரலில் போட்டான். நிலங்கள் பழைய சொந்தக்காரர்களிடமே திரும்பின. ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டு, சந்தைத் திடலில் எல்லோரும் பார்க்கப் புதிதாகச் சீட்டு எடுத்தார்கள்.

நெடுங்குளம்பட்டிக்கு இரண்டாவது தண்ணீர்தான் விழுந்தது. மைத்துனர் விட்ட நாற்று முற்றிப்போக, அதை மேய்ந்த அவ்வூர் மாடுகள் அந்த வாரம் வழக்கத்தைவிட அதிகமாகப் பால் கறந்தன.