செம்பருத்திக்கு வாய்த்த காவல்

ஒரு காலத்தில் பாளையங்கோட்டையில் ஒரு மொட்டைமாடியில் இருபத்திரண்டு செடிகள் இருந்தன. அவற்றில் இருபத்தொன்று செடிகளாக இருந்தன. ஒன்று மட்டும் மகாராணியாக இருந்தது.

மகாராணி குடியிருந்தது ஒரு பழைய பெயிண்ட் வாளியில். அடுக்குச் செம்பருத்தி. பூ ஒவ்வொன்றும் கை அகலம். மாடிக்கு யார் வந்தாலும், துணி காயப்போட வந்தவர்கள் உட்பட, முதலில் அதைத்தான் பார்த்தார்கள். அது செம்பருத்திக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டுக்காரி ஜெசிந்தா டீச்சர். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. செடிகளுக்கும் அவர் டீச்சர்தான். காலையில் தண்ணீர் ஊற்றும்போது, "ஏன் நேரா நிக்க மாட்டேங்க?" என்று தக்காளியைக் கேட்பார். எந்தச் செடி சரியாக வளரவில்லையோ அதன் வாளியில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுவார், விடைத்தாளில் போடுவதைப் போலவே.

ஒருநாள் காலையில் ஒரு கட்டெறும்பு வாளியின் விளிம்பில் ஏறி நின்று, மீசையைத் தடவிக்கொண்டு செம்பருத்தியைச் சுற்றிலும் பார்த்தது.

"தங்கச்சி, இவ்வளவு அழகை வச்சுக்கிட்டு தனியாவா இருக்க?"

"ஆமா, அண்ணாச்சி. ஏன்?"

"காவல் இல்லாமலா? காலம் கெட்டுக் கெடக்கு, தாயி. நாங்க நாப்பது பேரு இருக்கோம். ராவும் பகலும் உன் தண்டுல ஏறி இறங்கிக் காவல் காக்கோம். கூலி ஒண்ணும் வேண்டாம்."

செம்பருத்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்து வாளிக் கத்தரிக்கு இப்படி ஒரு யோகம் வருமா?

"ஒரே ஒரு சின்னச் சங்கதி," என்றார் அண்ணாச்சி. "எங்க ஊர்க்காரங்க கொஞ்சம் பேரு இருக்காங்க. பரம சாது. ஓட மாட்டாங்க, ஆட மாட்டாங்க, இருந்த இடத்துல இருப்பாங்க. உன் இலைக்கு அடியில ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டுமே?"

அப்படித்தான் மாவுப்பூச்சிகள் வந்து சேர்ந்தன. எறும்புகளே அவற்றை வாயில் கவ்வித் தூக்கி வந்து இறக்கிவிட்டன. முதுகெல்லாம் வெள்ளை மாவு. சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி கட்டிய பெரிய மனிதர்கள் மாதிரி வந்து உட்கார்ந்தன. உட்கார்ந்ததும், தலையைக் குனிந்து, ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் இறக்கின.

"என்ன செய்யுதாங்க?" என்று செம்பருத்தி கேட்டது.

"தியானம்," என்றார் அண்ணாச்சி.

பத்து நாளில் செம்பருத்தியின் இலைகள் மின்ன ஆரம்பித்தன. மேலே உட்கார்ந்திருந்த சாதுக்கள் குடித்ததுபோக மிச்சத்தைப் பின்பக்கமாக இனிப்புத் தண்ணீராய்ச் சொட்டவிட்டார்கள். அதை எறும்புகள் நக்கியதுபோக மிச்சம் கீழிலைகளில் விழுந்து வழிந்தது. வெயில் பட்டால் கண்ணைப் பறிக்கும்.

"பாத்தியா அக்கா, என் இலைய?" என்று கத்தரியிடம் காட்டியது செம்பருத்தி.

கத்தரிக்கு முள்ளும் உண்டு, வாயும் உண்டு. "ஏட்டி, அது மினுமினுப்பு இல்ல, பிசுபிசுப்பு. ஒரு ஈ ஒட்டிக்கிட்டு எந்திரிக்க முடியாமக் கெடக்கு பாரு."

"உனக்குப் பொறாமை."

"இருக்கட்டும். அடியில என்ன இருக்குன்னு ஒருதரம் திருப்பிப் பாரு."

"மகாராணிங்க அடியிலல்லாம் பாக்க மாட்டாங்க," என்றது செம்பருத்தி.

பிறகு கொழுந்துகள் சுருண்டன. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. செம்பருத்திக்கு லேசாக மயக்கம் வந்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை.

"அண்ணாச்சி, மொட்டெல்லாம் விழுதே!"

"நல்லதுதானே தங்கச்சி? பூத்தா வாடும். பூக்கலைன்னா வாடவே வாடாதுல்லா?"

இதில் ஏதோ இடிக்கிறதே என்று செம்பருத்தி யோசித்தது. ஆனால் அண்ணாச்சி அத்தனை அன்பாகச் சொல்லியிருந்தார்.

அடுத்து, மின்னிய இலைகளின்மேல் கரி பூசியதுபோல் கறுப்பு படர்ந்தது. அந்த இனிப்பில் பூஞ்சை பிடித்துவிட்டது. செம்பருத்தி அலறியது.

"ஏன் பதறுத?" என்றார் அண்ணாச்சி. "ஊர்க் கண்ணெல்லாம் உன்மேல. அதான் திருஷ்டிப் பொட்டு வச்சிருக்கு."

"இவ்வளவு பெருசாவா?"

"உன் அழகுக்குச் சின்னப் பொட்டு எங்க காணும்?"

புதன்கிழமை ஜெசிந்தா டீச்சர் ஓர் இலையைத் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"நல்லாப் படிச்ச பிள்ளை, இப்படியாகிட்டியே! மத்த இருபத்தொண்ணுக்கும் இது ஒட்டிக்கிட்டா நான் என்ன செய்வேன்? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பாப்பேன். இப்படியே இருந்தேன்னா வேரோட பிடுங்கிருவேன்."

சொல்லிவிட்டு, வாளியில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

"அண்ணாச்சி, வட்டம்னா என்ன அர்த்தம்?"

"முதல் ரேங்க்," என்றார் அண்ணாச்சி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கத்தரியால் இதைப் பொறுக்க முடியவில்லை. "போன மாசம் புதினாவுக்கும் அதே வட்டம்தான் போட்டாங்க. புதினா எங்க இப்போ?"

செம்பருத்தி திரும்பிப் பார்த்தது. புதினா இருந்த வாளி கவிழ்ந்து கிடந்தது. டீச்சர் களையெடுக்கும்போது அதன்மேல்தான் உட்காருவார்.

அப்போதுதான் செம்பருத்திக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. "காவல் காக்கேன்னு சொன்னீரே அண்ணாச்சி!"

"காக்கத்தானே செய்யுதோம்? நேத்துகூட ஒரு பொறிவண்டு வந்தா, கறுப்புச் சட்டைக்காரி. நாலு பேரு சேந்து காலைக் கடிச்சு விரட்டிவிட்டோம். எங்களை விட்டா உனக்கு யாரு இருக்கா?"

வியாழக்கிழமை, உச்சிக் கிளையில், வெள்ளைச் சாதுக்களுக்கு நடுவே ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தது. அதுவும் வெள்ளைதான். ஆனால் மற்றவற்றைப்போல் மூன்று மடங்கு. உடம்பெல்லாம் எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி சடைசடையாகத் தொங்கியது. பார்க்கப் பஞ்சு மூட்டை.

கூட்டத்துக்குத் தலைவரே வந்து இறங்கிவிட்டார், இனி பிழைக்க வழியில்லை என்று செம்பருத்தி நினைத்தது.

எறும்புகளும் அப்படித்தான் நினைத்தன. இரண்டு எறும்புகள் அதன் முதுகைப் பணிவாகத் தட்டிக்கொடுத்து, இனிப்புத் தண்ணீருக்காகக் காத்து நின்றன. ஒரு சொட்டும் வரவில்லை.

"பெரிய இடம்," என்று ஒன்று இன்னொன்றிடம் சொன்னது. "உடனே தர மாட்டாங்க. நாளைக்கு வரச் சொல்லுவாங்க."

அவை போனபிறகு பஞ்சு மூட்டை தலையைத் தூக்கிச் செம்பருத்தியைப் பார்த்தது. "உன் இலை பாக்கச் சகிக்கல," என்றது.

செம்பருத்தியிடம் இப்படி யாரும் பேசியதில்லை. "யாரு நீ?"

"சாப்பிடும்போது பேச்சுக் குடுக்காத."

"என்ன சாப்பிடுத?"

"நீயே பாரு."

செம்பருத்தி பார்த்தது. பஞ்சு மூட்டையின் வாயோரம் ஒரு மாவுப்பூச்சியின் கால் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் அது உள்ளே இழுத்துக்கொண்டது.

"அப்போ நீ அவங்க ஆளு இல்லையா?"

"நான் பொறிவண்டு வீட்டுப் பிள்ளை. இன்னும் வளரல."

"பிறகு எதுக்கு இந்த வேஷம்?"

"முந்தாநாள் எங்க பெரியம்மா வேஷம் இல்லாம வந்தாங்க. உன் அண்ணாச்சி ஆளுங்க காலைக் கடிச்சு விரட்டல? நகரு, அந்தப் பக்கம் ரெண்டு இருக்கு."

செம்பருத்தி யோசித்தது. ஒருவர் தேனாய்ப் பேசினார், உடம்பு உலர்ந்தது. இன்னொருவன் முகத்தில் அடித்ததுபோல் பேசுகிறான், உச்சிக் கிளையில் ஊசி குத்துவது நின்றிருக்கிறது. வெள்ளியும் சனியும் பஞ்சு மூட்டை தின்றுகொண்டே இருந்தது. உச்சியில் உதிர இருந்த ஒரு மொட்டு உதிரவில்லை. ஞாயிறு காலையில் அது விரிந்தது.

பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல், கையுறை மாட்டிக்கொண்டு மாடியேறி வந்தார் டீச்சர். வாசிக்கும் கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்கியது. தண்டைப் பிடித்து இழுக்கக் குனிந்தவர், பூவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"முப்பத்தஞ்சு மார்க் வாங்கிட்டியே! சரி, பிழைச்சுப் போ. ஆனா இன்னிக்குக் குளிச்சுத்தான் ஆகணும்."

கீழே போய், வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து ஒரு தெளிப்பு பாட்டிலில் எடுத்து வந்தார். அந்த பாட்டில் முன்னொரு காலத்தில் பீரோக் கண்ணாடி துடைத்தது. அந்தப் பெருமை அதற்கு இன்னும் போகவில்லை.

"வெள்ளையா எவன் இருந்தாலும் அடிப்பேன்," என்று அது செம்பருத்தியிடம் அறிவித்தது.

"ஐயா, அதுல ஒருத்தன் நம்ம ஆளு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. விசாரணை என் வேலை இல்ல."

டீச்சரின் கண் உச்சிக் கிளைக்குப் போனது. "அடேயப்பா, எவ்வளவு பெருசு இது! முதல்ல இவனுக்குத்தான்." பாட்டிலின் மூக்கு நேராகப் பஞ்சு மூட்டையைக் குறிபார்த்தது. பஞ்சு மூட்டையோ தலை நிமிரவில்லை. அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அது உட்கார்ந்திருந்தது செம்பருத்தியின் பெரிய இலையில். சுருளாத, கறுக்காத, மிச்சமிருந்த ஒரே நல்ல இலை. பூவுக்குப் பக்கத்தில் பச்சையாய் விரிந்து நின்ற இலை. அதுவும் போனால் பார்க்க விளக்குமாறு மாதிரி இருப்போம் என்று செம்பருத்திக்குத் தெரியும். வலிக்கும் என்பதும் தெரியும்.

செம்பருத்தி இலையை உதிர்த்துவிட்டது.

பாட்டில் பீய்ச்சியது வெறுங்காற்றில். இலை பஞ்சு மூட்டையோடு சுற்றிச் சுற்றிப் போய்க் கத்தரியின் வாளிக்குள் விழுந்தது.

அடுத்த பீய்ச்சல் செடியெங்கும் விழுந்தது. வேப்பெண்ணெய் வாடை அடித்ததும் அண்ணாச்சி கத்தினார், "தூக்குங்கடே! ஓடுங்கடே!"

காவல்காரர்கள் நாற்பது பேரும் தூக்கினார்கள். ஆளுக்கு ஒரு மாவுப்பூச்சி. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் பதமாகக் கவ்விக்கொண்டு, தண்டு வழியே வரிசையாக இறங்கினார்கள்.

"அண்ணாச்சி! நான்?" என்று கூவியது செம்பருத்தி.

அண்ணாச்சி திரும்பாமல் இறங்கினார். அவர் வாயிலும் ஒன்று இருந்தது.

மிஞ்சியவற்றை டீச்சர் பழைய டூத்பிரஷால் தேய்த்துத் தள்ளினார். சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் போட்டு இறுகக் கட்டினார். அகலமான பிளாஸ்டிக் தட்டில் செங்கல் வைத்து, அதன்மேல் வாளியைத் தூக்கிவைத்து, தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினார். இனி நீந்தத் தெரிந்த எறும்புதான் வரவேண்டும்.

கடைசியாக, கீழே விழுந்த இலையை எடுத்துப் பையில் போடப் போனார். என்னவோ தோன்றி, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினார். இலையில் பஞ்சு மூட்டை, கத்தரி வாளிக்குள் சிதறி விழுந்த ஒரு மாவுப்பூச்சியைப் பிடித்துவைத்து, அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தது.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். "மன்னிச்சுக்கோடே," என்றார். "ஒரே யூனிபார்ம்னு பாத்து, செய்யாத தப்புக்கு முட்டி போட வச்சிருப்பேன்." எண்ணெய் காய்ந்து வாடை போகட்டும் என்று மாலைவரைக்கும் அதைக் கத்தரி வாளியிலேயே விட்டுவைத்து, பிறகு இலையோடு தூக்கிச் செம்பருத்தியின் கிளையில் விட்டார்.

"ஏன் கத்தல, என்னைச் சுடப் போறாங்கன்னு?" என்று கேட்டது பஞ்சு மூட்டை.

"கத்துனா மட்டும் நீ நிமிந்து பாப்பியாக்கும்?" என்றது செம்பருத்தி.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போனது. புதுத் தளிர்கள் வந்தன. மின்னவில்லை, சாதாரணப் பச்சை. டீச்சர் வட்டத்தை மண்ணெண்ணெய்த் துணியால் அழித்தார். பஞ்சு மூட்டை சடையை உதிர்த்துவிட்டு, ஆரஞ்சு முகமும் கறுப்புச் சட்டையுமாகச் சின்ன வண்டாகி, ஒருநாள் பக்கத்துக் கொய்யா மரத்துக்குக் கிளம்பியது. போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"பரவாயில்ல."

செம்பருத்தி அதை நாள்முழுக்கக் கத்தரியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது.

மறுநாள் காலையில், தட்டுத் தண்ணீருக்கு அக்கரையில், தெரிந்த மீசை ஒன்று தெரிந்தது.

"தங்கச்சி, சௌக்கியமா? அடடா, என்னமா மின்னுது இன்னிக்கு உன் இலை!"

செம்பருத்தி அவசர அவசரமாக இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தது.