சாவது சிலர்தான்

ஒரு தாமரைக் குளத்தில் இருநூற்றுப் பதினான்கு தவளைகள் வாழ்ந்தன. தலைப்பிரட்டைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவை ஓரிடத்தில் நில்லாததால் எண்ண முடியவில்லை.

குளத்தின் நடுவே ஒரு பாறை இருந்தது. அதில் ஏறி நிற்பவர் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் மூன்று முறை திருப்பிப் பாட வேண்டும். மூன்றாம் முறை முடிந்ததும் அது சட்டமாகிவிடும். நடுவில் யாரும் யோசிப்பதில்லை. யோசித்தால் தாளம் தப்பிவிடும். ஒரு நாள் தலைவர் மத்தளம் பாறைமேல் நின்று தும்மிவிட்டார். குளம் முழுவதும் மூன்று முறை தும்மியது. அந்தச் சட்டம் இன்றுவரை நீக்கப்படவில்லை.

அந்த ஆண்டு வெண்தோல் நோய் வந்தது. தோல் வெளுக்கும், மூச்சு முட்டும், ஐந்தாம் நாள் உயிர் போகும். மேல்குளத்திலிருந்து வந்த ஆமை தப்பிக்கும் வழியையும் சொல்லிவிட்டுப் போனது. பதினைந்து நாள் ஆளுக்கு ஓர் இலையில் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆறாத காயம் உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனால் மழைப்பாட்டு விழா நெருங்கிவிட்டது. பாறையைச் சுற்றித் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து பாடுவதுதான் வழக்கம். ஒத்திகை கூட நான்கு முறை முடிந்திருந்தது. விழாவை நிறுத்தினால் கரையிலுள்ள தேரைகள் சிரிக்கும் என்றார் மத்தளம். மேல்குளத்தில் இறந்தது வெறும் ஒன்பது பேர், குளம் அப்படியேதான் இருக்கிறது என்று அமைச்சர் ஒத்தூதி எடுத்துக் கொடுத்தார். மத்தளம் பாறையில் ஏறினார்.

"சாவது சிலர்தான்!"

எல்லோரும் மூன்று முறை பாடினார்கள். ராகம் நன்றாக அமைந்துவிட்டதால் நான்காம் முறையும் பாடினார்கள்.

செவ்விழி என்ற தவளை மட்டும் பாட்டை நிறுத்திவிட்டுத் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய தங்கை புள்ளியை ஒரு கொக்கு கொத்தி, முதுகுக் காயம் இன்னும் ஆறாமல் இருந்தது. செவ்விழி தலைவரிடம் போய், தங்கைக்கு மட்டும் விலக்குக் கேட்டாள். ஒரு குரல் குறைந்தால் சுருதி குறையும் என்று அவர் மறுத்துவிட்டார்.

"இங்கேயும் ஒன்பது பேர் என்றே வைத்துக்கொள்வோம், அதில் ஒன்று. கணக்கில் அது வெறும் ஒரு புள்ளி, அம்மா" என்றார் ஒத்தூதி.

"ஆமாம் ஐயா, அவள் பெயர் புள்ளிதான். மற்ற எட்டுப் பேரின் பெயர் என்ன?"

கணக்கில் பெயர் கேட்கும் வழக்கம் இல்லை என்றார் ஒத்தூதி. செவ்விழி பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டாள். ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள்.

மத்தளத்தின் தொண்டைப் பை வீங்கியது. எல்லோர் முன்னும் செவ்விழியே பாறையில் ஏறி அந்தச் சட்டத்தைப் பாட வேண்டும், பிறகு தங்கையைப் பற்றி யோசிக்கலாம் என்று உத்தரவிட்டார். எல்லோரும் இரண்டு முழ இடைவெளி விட்டு அமர்ந்தால் பாடுகிறேன் என்றாள் செவ்விழி. அவள் பணிந்துவிட்ட மகிழ்ச்சியில் அவரும் சரி என்றார்.

அவள் ஏறினாள். கீழே புள்ளி ஒரு தாமரைத் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் கன்னத்தை உப்பிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"சாவது நான்தான்!" என்று பாடினாள் செவ்விழி.

"சாவது நான்தான்!" என்றது குளம், தாளம் பிசகாமல்.

இரண்டாம் முறை பாதிக் குரல்தான் வந்தது. சிலர் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டார்கள். மூன்றாம் முறை ஒரே ஒரு குரல் கேட்டது. மத்தளம் கண்ணை மூடி, ரசித்து, தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

"சாவது நான்தான்!"

கண்ணைத் திறந்தார். பிறகு தொப்பென்று ஒரு சத்தம். ஒத்தூதிதான் முதலில் குதித்தார், மிகத் தூரத்து இலைக்கு. நூறு எண்ணுவதற்குள் பாறையைச் சுற்றி ஒருவரும் இல்லை. சட்டப்படி சாக வேண்டியவராக மத்தளம் மட்டும் நின்றார்.

"இந்தச் சட்டத்தை உடனே திருத்த வேண்டும்" என்றார் அவர்.

"முதலில் இலைக்குப் போங்கள், ஐயா" என்றாள் செவ்விழி.

அவரைத் தாங்கும் இலை கிடைக்கவில்லை. ஒரு மரக்கட்டையில் போய் உட்கார்ந்தார்.

பதினோராம் நாள், யாரும் பாடாமலே மழை பெய்தது. பதினாறாம் நாள் எல்லோரும் இலையைவிட்டு வந்தார்கள். ஒத்தூதி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். புள்ளி பதில் சொன்னாள். இருநூற்றுப் பதினோரு பதில்கள் வந்தன. ஒத்திகையிலேயே நோய் தொற்றியவர்கள் வரவில்லை.

"எத்தனை பேர் குறைகிறார்கள்?" என்று மத்தளம் கேட்டார்.

ஒத்தூதி எண்ணைச் சொல்லவில்லை. "குண்டுமணி" என்றார். "நெட்டைக்காலன்" என்றார். கடைசியாக, "என் மகள் அல்லி" என்றார்.

நீதி: கூட்டத்தோடு சேர்ந்து "சிலர்தான்" என்று சொல்லும் முன், அந்தச் சொல்லின் இடத்தில் தன் பெயரை வைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும்.