காலி இடமும் சேர்த்து

இருதயராஜ் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்று, அடிபட்டு மிதிபட்டு மேலே வந்த ஆள். பேரம் பேசாமல் ஒரு டீ குடித்ததில்லை. கோபம் மூக்கு நுனியில். கடையை மூடிவிட்டு ஐம்பதை நெருங்கும் வயதில் ஓர் ஆஸ்பத்திரியின் சர்வர் அறைக்கு வேலைக்கு வந்தார். அங்கே தகவல்களை நகலெடுத்து வைக்கும் பேக்கப் பொறுப்பு சபீனாவிடம் இருந்தது. வயதில் சபீனா சின்னவள். தொழிலில் அவள்தான் குரு.

அன்று காலை ரத்த வங்கியின் டிஸ்க்கில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ‘நான் போகப் போகிறேன்’ என்று டிஸ்க் சொல்லும் பாஷை அது. ரத்தம் கொடுக்கிறவர்களின் பெயர், ரத்தப் பிரிவு, போன் நம்பர் எல்லாம் அதில்தான். பழைய பேக்கப் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு கல்லூரி முகாம்களில் சேர்ந்தவர்கள் இந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தார்கள். அது செத்தால் அவர்களும் காணாமல் போவார்கள்.

“புது டிஸ்க் வந்தாச்சு. அப்படியே எடுத்து இதுல போடுங்கண்ணே,” என்றாள் சபீனா.

அந்த டிஸ்க்கில் ஃபைலும் கிடையாது, ஃபோல்டரும் கிடையாது. ரத்த வங்கியின் டேட்டாபேஸ் டிஸ்க்கிலேயே நேரடியாக எழுதும். எது எங்கே இருக்கிறது என்று அதற்கு மட்டும்தான் தெரியும். அதனால் பேக்கப் மென்பொருள், எழுதிய இடம் எழுதாத இடம் என்று பார்க்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்துக்கொண்டே போகும்.

இருதயராஜுக்குச் சுர்ரென்று ஏறியது.

“பாதிக்கு மேல காலி மேடம்! காலி இடத்தை எதுக்கு எடுக்கணும்? எவனாவது வெறும் கோணிக்கு வண்டி வாடகை கொடுப்பானா?”

“முதல்ல நிறைஞ்சதை ஒழுங்கா எடுங்க. அப்புறம் சொல்றேன்.”

“டேட்டாபேஸை வேற நிறுத்தணுமாம். ரத்த வங்கி டாக்டரம்மா விடமாட்டாங்க. ஓடட்டும், ஓட ஓடவே எடுத்துடறேன்.”

“உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும், பழைய டிஸ்க்கைக் கழட்டிடாதீங்க.”

எடுத்தார். ‘வெற்றி’ என்று பச்சை டிக் விழுந்தது. புது டிஸ்க்கில் போட்டார். அங்கேயும் பச்சை டிக். இருதயராஜ் மீசையைத் தடவிக்கொண்டு புது டிஸ்க்கில் டேட்டாபேஸைத் திறந்தார்.

திறக்கவில்லை. உள்ளே இருப்பது ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது.

“பச்சை டிக் போட்டு ஏமாத்துதே, நாசமாப் போறது!” மேசையில் ஓங்கி அறைந்தார். டீ கொட்டியது.

சபீனா துடைத்தாள். பிறகு அவரை நடைபாதைக்குக் கூட்டிப்போய் அவருடைய போனையே அவர் கையில் கொடுத்தாள்.

“பனோரமா போட்டோ எடுங்க. இந்த முனையிலேருந்து அந்த முனைக்கு, மெதுவா திருப்பணும்.”

“விளையாடற நேரமா மேடம் இது?”

“எடுங்கண்ணே.”

அவர் போனைத் திருப்பத் திருப்ப, சபீனா அதே பக்கமாக அவர் முதுகுக்குப் பின்னால் ஓடி ஓடி முன்னால் போய் நின்றாள். எதிரே தள்ளுவண்டியோடு வந்த வார்டு ஊழியர், இதென்ன கூத்து என்று பார்த்துக்கொண்டே போனார்.

படத்தில் மூன்று சபீனா. வார்டு ஊழியருக்குத் தலை இருந்தது, உடம்பு இல்லை.

“போட்டோ விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“போன் ஏதாவது குறை சொல்லுச்சா?”

இருதயராஜ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“டாக்டரம்மாகிட்ட போயிட்டு வரேன்.”

“பேரம் பேசவா?”

“இல்ல. கேட்க.”

டாக்டர் கோமளவல்லி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நிறுத்தின நேரத்துல அவசரக் கேஸ் வந்தா நான் யாரைக் கூப்பிடறது?”

“அரிய பிரிவுக்காரங்க நம்பரெல்லாம் அச்சடிச்சுக் கொண்டாந்திருக்கேன், டாக்டர். நிறுத்தித்தான் எடுக்கணும். காலையில நான் பண்ணினது தப்பு.”

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். “சரி, நிறுத்துங்க. அது முடியறவரைக்கும் நீங்க சும்மாதானே இருக்கப்போறீங்க? அந்தக் கட்டில்ல படுங்க.”

“எதுக்கு?”

“இது ரத்த வங்கி. எதுக்குன்னா?”

டேட்டாபேஸை நிறுத்தி, பேக்கப்பைத் தொடங்கிவிட்டு வந்து படுத்தார். நர்ஸ் ஊசியை எடுத்ததும் அவருக்குள்ளிருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

“எவ்வளவும்மா எடுப்பீங்க?”

“ஒரு பை.”

“அரைப் பையில முடிச்சுக்கலாமா?”

நர்ஸ் ஊசியைக் குத்திவிட்டாள்.

சாயங்காலம் புது டிஸ்க்கில் டேட்டாபேஸ் திறந்தது. கல்லூரிப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். பழைய டிஸ்க்கின் மஞ்சள் விளக்கை இப்போது யாரும் பார்க்கவில்லை. மேலே ரத்த வங்கியில் நர்ஸ், அன்று ரத்தம் கொடுத்தவரின் அட்டையைப் பார்த்து முதல் புதுப் பதிவைத் தட்டினாள்.

இருதயராஜுக்கு உடம்பு லேசாக இருந்தது. கையில் பஞ்சும் பிளாஸ்திரியும். என்றாலும் காலையில் விட்ட வழக்கை அவர் விடுவதாயில்லை.

“நிறுத்தினது புரிஞ்சுது மேடம். ஆனா அந்தக் காலி இடம்? அதையும் எழுத்தெண்ணிக் கொண்டாந்து போட்டோமே, அதுல அப்படி என்னதான் இருக்கு?”

நர்ஸ் தட்டிய புதுப் பதிவு தெரிந்த திரையை சபீனா அவர் பக்கம் திருப்பினாள்.

“இப்பவா? நீங்க இருக்கீங்கண்ணே.”