மைனாவின் நல விசாரிப்பு

மூங்கில் காட்டில் யாருக்குச் சேதி அனுப்ப வேண்டுமானாலும் மைனாதான். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் கப்பென்று பிடித்துக்கொள்ளும். நரியின் ஊளையா, யானையின் பிளிறலா, ஒரு தடவை கேட்டால் போதும்.

ஆனால் அதற்குப் பிறவியிலேயே ஒரு பழக்கம். நலம் விசாரிக்காமல் சேதியைத் தொடங்கவே தொடங்காது. "நலம், நலமறிய ஆவல். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? மாமியார் சௌக்கியமா?" என்று இழுத்துக்கொண்டே போகும். ஒருநாள் "பாம்பு வருது" என்று பல்லிக்குச் சேதி கொண்டுபோனது. மாமியாரை விசாரித்து முடிப்பதற்குள் பாம்பே வந்துவிட்டது. நல்லவேளை, பல்லிக்கு வாலோடு போயிற்று.

இந்த மைனாவைத்தான் அன்று செவலை முயல் நம்ப வேண்டியிருந்தது. மலையில் கொட்டிய மழையால் ஓடை பெருகி வந்தது. அக்கரையில், தாழ்வான வளைக்குள், அவள் தங்கை மூன்று குட்டிகளோடு இருந்தாள். தண்ணீர் ஏறுவது உள்ளே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்?

"மைனா, வெள்ளம் வருதுன்னு சொல்லிட்டு வா. உன் நல விசாரிப்பு மட்டும் இன்னிக்கு வேண்டாம்."

"அதெப்படி முயலக்கா? அது இல்லாம எனக்கு அடுத்த வார்த்தையே வராதே!"

மரத்தில் இருந்த குரங்கு குதித்து வந்தது. "அந்த அலகுதானே வம்பு பண்ணுது? கட்டிப்போடு!"

பதற்றத்தில் செவலையும் தலையாட்டிவிட்டாள். குரங்கு கொடியால் அலகைக் கட்டி அனுப்பியது. மைனா அக்கரை போய், வளைவாசலில் நின்று தலையைத் தலையை ஆட்டியது. தங்கை எட்டிப் பார்த்தாள். "பாவம், பசி போல" என்று நாலு புல்விதையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மைனா முறைத்துக்கொண்டே திரும்பியது. "புத்தி கெட்டவள் நான்" என்று தன்னையே திட்டிக்கொண்டு செவலை கட்டை அவிழ்த்தாள். அதற்குள் தண்ணீர் வளைக்கு ஒரு முழம் கீழே வரை ஏறிவிட்டது.

சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. எதையும் கற்றுக்கொள்கிற பறவையல்லவா இது!

"மைனா, இத்தனை நாளா முயல்களை நீ தப்பாவே விசாரிச்சிருக்கே. எங்க கூட்டத்துல நலம் விசாரிக்கிற முறையே வேற."

மைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, மரியாதை தப்பிட்டேனா? எப்படிக் கேட்கணும்?"

"'வெள்ளம் வருது, குட்டிகளோட பாறைக்கு ஓடு.' இவ்வளவுதான்."

மைனா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு பறந்தது. வாசலில் நின்று பணிவாக அப்படியே விசாரித்தது. தங்கை குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு பாறை மேல் ஏறினாள். கடைசிக் குட்டி ஏறியதும் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. இக்கரையில் செவலை அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பி வந்த மைனா சிறகை உதறியது. "தப்பா நினைக்காதீங்க முயலக்கா. உங்க கூட்டத்து மரியாதை கொஞ்சம் முரட்டு மரியாதைதான்."

கூடவே பிறந்த குணத்தைப் பிடுங்கி எறியப் பார்ப்பதைவிட, அதை நமக்குத் தோதாகத் திருப்பிக்கொள்வதே புத்திசாலித்தனம்.