பனிமலையில் நின்றுவிட்ட சென்னியப்பன்

கூவலூர் சைக்கிள் சங்கத்தில் உறுப்பினர்கள் நான்கு பேர், சைக்கிள் ஒன்று. இது போதாது என்று அவர்களில் யாருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. ஒருவர் ஓட்டுவார், மற்ற மூவரும் கூடவே நடந்து கருத்துச் சொல்வார்கள். ஓட்டுகிறவர் பெரும்பாலும் தலைவர் சென்னியப்பன்தான், ஏனென்றால் சைக்கிள் அவருடையது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கருத்துச் சொல்கிறவர்கள் தையல்கடை நாச்சிமுத்து, கோழித்தீவனம் விற்கும் ராக்கியண்ணன், சும்மா இருக்கும் மயிலானந்தம். இவர்களில் மயிலானந்தத்துக்குத்தான் மூளை அதிகம் என்று பேர். யோசிக்க நேரம் இருந்ததால் அந்தப் பேர் வந்தது.

சென்னியப்பனுக்குச் சர்க்கரை வியாதி. இந்த நிலைமையில் அவர் மகளுக்குத் தை மாதம் கலியாணம் நிச்சயமாகி, விருந்துக்கு ஜாங்கிரி என்றும் முடிவாகிவிட்டது. மனிதர் கண்கலங்கிப் போனார். ஜாங்கிரி என்றால் அவருக்கு உயிர். வருஷக்கணக்காக அதைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. பெற்ற மகள் கலியாணத்தில் ஊரே ஜாங்கிரி தின்னும்போது தான் மட்டும் அவரைக்காய்ப் பொரியலை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? நேராக டாக்டரிடம் போனார்.

டாக்டர் நல்ல மனிதர். "தினமும் சைக்கிள் ஓட்டுங்க. கலியாணத்துக்குள்ள சர்க்கரை இறங்கிடுச்சுன்னா ஒரே ஒரு ஜாங்கிரி சாப்பிடலாம்" என்றார். பிறகு சென்னியப்பனின் முழங்காலில் இருந்த கட்டைப் பார்த்தார். நாய் துரத்திச் சாக்கடையில் விழுந்ததற்குப் போட்ட கட்டு அது. "ஆனா ரோட்டுப் பக்கமே போகக்கூடாது. வீட்டுக்குள்ளயே ஓட்டுங்க."

மறுநாள் காலை சங்கம் கூடியது. சென்னியப்பன் வாசலில் சைக்கிள் ஏறி, ஹாலைக் கடந்து, சமையலறைக்குள் நுழைந்து, தோசைமாவுக் குண்டாவில் மோதி நின்றார்.

"மணி அடிச்சிருக்கோணுங்ண்ணா" என்றார் நாச்சிமுத்து.

"மாவு எடதுபக்கமா ஒதுங்கியிருக்கோணும். தப்பு அண்ணன் மேல இல்லை" என்றார் ராக்கியண்ணன்.

சென்னியப்பனின் மனைவி பாவாயம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, கலியாண வேலை தலைக்கு மேல கெடக்குது. இதென்ன கூத்து?"

"டாக்டர் சொன்னாரு பாவாயி. வீட்டுக்குள்ளயே ஓட்டோணுமாம்."

பாவாயம்மா மாவைத் துடைத்துவிட்டு, ஜெர்மனியில் வேலை பார்க்கும் தன் அண்ணன் மகன் சுதர்சனுக்கு ஃபோன் போட்டார். கொஞ்ச நாளில் இரண்டு பெட்டிகள் வந்து சேர்ந்தன. பெரிய பெட்டியில், சைக்கிளைப் பூட்டி இருந்த இடத்திலேயே மிதிக்கிற ஒரு மேடை. சின்னப் பெட்டியில், டி.வி.யில் செருகுகிற விரல் நீளக் குச்சி. இங்கே மிதித்தால் டி.வி.யில் தெரிகிற ரோட்டில் நம் பேரில் ஒரு ஆள் ஓட்டிக்கொண்டு போவான், அங்கே ஏற்றம் வந்தால் இங்கே மிதி கனக்கும், நாயும் கிடையாது சாக்கடையும் கிடையாது என்று சுதர்சன் விளக்கினான். பிறகு எப்படிப் பூட்டுவது என்று ஃபோனிலேயே சொல்ல ஆரம்பித்தான். பாவம், அவனுக்குச் சங்கத்தைப் பற்றித் தெரியாது.

"மொதல்ல சைக்கிள்ல பின்சக்கரத்தைக் கழட்டிருங்க மாமா."

சங்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"பின்சக்கரம் இல்லாம வண்டி எப்படிங்க போகும்?" என்றார் நாச்சிமுத்து.

மயிலானந்தம் கண்ணை மூடித் திறந்தார். "முன்சக்கரம் இழுத்துட்டுப் போயிரும். மாட்டுவண்டில மாடு முன்னாலதானப்பா இருக்குது?"

அது நியாயமாகப் பட்டதால் சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளை மேடையில் பூட்டினார்கள்.

"இப்ப அந்தக் குச்சியை டி.வி.க்குப் பின்னால செருகுங்க."

ராக்கியண்ணன் குச்சியை வாங்கி, டி.வி.க்கும் சுவருக்கும் நடுவில், விபூதிப் பொட்டலம் செருகுகிற மாதிரி பயபக்தியோடு செருகினார். நால்வரும் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"ஏதாச்சும் வருதுங்களா மாமா?"

"ஒரு பல்லி வந்துது கண்ணு. திரும்பிப் போயிருச்சு."

பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த பாவாயம்மா எழுந்து வந்து, டி.வி.யின் முதுகில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் குச்சியை அதில் செருகிவிட்டு, மறுபடி மஞ்சள் தடவப் போனார்.

"டி.வி., ஃபோன், மேடை மூணும் ஒரே வைஃபையில இருக்கோணும் மாமா. அதை மட்டும் பாத்துக்குங்க."

வைஃபை பெட்டி படுக்கையறையில் பீரோவின் மேல் இருந்தது. ஃபோனைப் பீரோமேல் வைப்பதில் சிரமமில்லை. டி.வி.யையும் கயிறு கட்டி ஏற்றிவிட்டார்கள். சைக்கிளோடு சேர்த்து மேடையைத் தூக்கும்போதுதான் பாதி வழியில் நாச்சிமுத்துவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலே பீரோவில் இருந்த ஃபோன், "மாமா? மாமா? அது என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"நில்லுங்க!" என்றார் மயிலானந்தம். "நாம எல்லாரும் எதுக்கு அதுகிட்டப் போகோணும்? அந்த ஒரு பெட்டியைக் கீழ எறக்குனா என்ன?"

சங்கத்துக்குப் புல்லரித்துவிட்டது. எல்லாவற்றையும் ஹாலுக்கே இறக்கி, வைஃபை பெட்டியையும் கொண்டுவந்து, ஒயரோடு சைக்கிளின் முன்கூடையில் வைத்துத் துண்டால் கட்டினார்கள். மீதியைச் சுதர்சன் எந்தப் பட்டனை அமுக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபண்ணினான்.

"இப்ப உங்க எடை எவ்வளவுன்னு கேக்கும் மாமா."

கடையிலிருந்து பித்தளை நிறுக்கிற தராசு வந்தது. சின்னத் தராசு, சென்னியப்பன் முழுசாக ஏறினால் தாங்காது. அதனால் முதலில் ஒரு காலை வைத்து நிறுத்தார்கள், அப்புறம் மறுகால். கைகள் விட்டுப்போனதை நாச்சிமுத்து ஞாபகப்படுத்த, அவற்றையும் நிறுத்துக் கூட்டினார்கள். தலையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கொஞ்சநேரம் வாதம் நடந்தது.

"அதுல பெருசா ஒண்ணும் இருக்காது, விட்டுருங்க" என்றார் மயிலானந்தம். ஒருமனதாக விட்டுவிட்டார்கள்.

கடைசியில் டி.வி.யில் பாதைகளின் படங்கள் வந்தன. கடலோரம், காடு, பட்டணம் எல்லாம் இருந்தும், பார்க்கக் குளுகுளுவென்று இருந்ததால் சென்னியப்பன் பனிமலையைத் தேர்ந்தெடுத்தார். "வேர்க்கும் மாமா, ஃபேனைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சுதர்சன் ஃபோனை வைத்தான். பனியில் யாராவது ஃபேன் போடுவார்களா? சங்கம் ஜன்னலைச் சாத்தி, தலைவருக்கு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் மாட்டிவிட்டது.

சென்னியப்பன் மிதித்தார். டி.வி.யில் ஒல்லியான ஆள் ஒருவன், தலைக்கு மேல் சென்னியப்பன் என்ற பேரோடு, முதுகைக் காட்டிக்கொண்டு மலையேறினான்.

"பின்னால இருந்து பாத்தா அப்படியே அண்ணனாட்டமே இருக்குது" என்றார் நாச்சிமுத்து.

"அண்ணன் இத்தனை ஒல்லி இல்லையே?" என்றார் ராக்கியண்ணன்.

"அங்க போனதும் இளைச்சிட்டாரு. டாக்டர் சொன்னது சரிதான்" என்றார் மயிலானந்தம்.

வியர்வையில் குளித்த சென்னியப்பன் காபி குடிக்க இறங்கினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. டி.வி.யில் இருந்த ஆள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, நடுமலையில் அப்படியே நின்றான். நால்வரும் காபி டம்ளரோடு அவனைப் பார்த்தார்கள்.

"அண்ணா" என்றார் நாச்சிமுத்து மெதுவாக. "நீங்க இன்னும் அங்கதான் நிக்கறீங்க."

சென்னியப்பன் உற்றுப் பார்த்தார். பேர் போட்டிருக்கிறது, மறுக்க வழியில்லை. "அப்ப இங்க காபி குடிக்கறது யாரு?"

"அதுவும் நீங்கதான்" என்றார் மயிலானந்தம். "போனவரு போயிட்டாரு. இருக்கறவரு இருக்கறீங்க. அவரு திரும்பி வந்தாத்தான் ரெண்டும் ஒண்ணாகும்."

"டி.வி.யை அமத்தீட்டா?" என்றார் நாச்சிமுத்து.

"அண்ணனை இருட்டுல விட்டுப்போட்டுப் போறதா? அதுவும் பனியில?" என்றார் ராக்கியண்ணன்.

ஆக, டி.வி.யை அணைக்கவே கூடாது என்று முடிவாயிற்று. திரை தானாக இருண்டுவிடாமல் ரிமோட்டை அவ்வப்போது அமுக்க முறைவைத்துக்கொண்டார்கள். சுதர்சனுக்குச் சொல்லலாமா என்று நாச்சிமுத்து கேட்டார். அவன் பதறிப்போய் மலைக்குத் தேடப் போய்விடுவான், கலியாணத்துக்கு லீவு இருக்காது என்று மயிலானந்தம் தடுத்துவிட்டார்.

மகளைத் தாரை வார்க்க வேண்டிய தகப்பன் கண்காணாத மலையில் நிற்கிறான். ஜாங்கிரி வேறு இருக்கிறது. "எப்படியாச்சும் கலியாணத்துக்குள்ள ஊடு வந்து சேரோணும்" என்றார் சென்னியப்பன்.

"போன வழியாவே திரும்பி வந்தாப் போச்சு" என்றார் மயிலானந்தம். "வண்டியைத் திருப்புங்கப்பா."

மேடையைச் சைக்கிளோடு தூக்கிச் சமையலறை பார்க்கத் திருப்பி வைத்தார்கள். சென்னியப்பன் டி.வி.க்கு முதுகைக் காட்டியபடி, வீடு திரும்புகிற ஆவலில் வேகமாக மிதித்தார்.

"எங்கப்பா வந்துட்டிருக்கறேன்?"

"இன்னும் மேல போயிட்டீங்கண்ணா" என்றார் ராக்கியண்ணன்.

"அவரு பாக்காம ஓட்டறாரு, வழி எப்படித் தெரியும்?" என்ற மயிலானந்தம், டி.வி.யையும் எதிரில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். சென்னியப்பன் இன்னும் வேகமாக மிதித்தார். மலையில் இருந்தவன் இன்னும் மேலே போனான். அன்று முதல் தினமும் இதுதான். மேடையைக் கிழக்கே திருப்புவார்கள், மேற்கே திருப்புவார்கள். வீட்டுக்கு வர வர மனிதர் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார். காலையில் மிதித்தார், கடையைச் சாத்திவிட்டு வந்து சாயங்காலமும் மிதித்தார். பாவாயம்மா தடுக்கவில்லை. கட்டிய நாளிலிருந்து புருஷன் இப்படி உடம்பு வணங்கி அவர் பார்த்ததில்லை.

கலியாணத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அருமை! சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. ஒரு ஜாங்கிரி தாராளமா சாப்பிடலாம். கலியாணத்துக்கு நானும் வர்றேன்."

மற்ற யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். சென்னியப்பன் மட்டும் துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கலியாண மண்டபம் அவர் வீட்டுக்கு நேர் எதிரில். முகூர்த்த நேரத்தில், "பொண்ணோட அப்பா வாங்க, தாரை வார்க்கோணும்" என்று மணமேடையிலிருந்து கூப்பிட்டார்கள். முன்வரிசையில் பட்டுவேட்டியோடு உட்கார்ந்திருந்த சென்னியப்பன் எழுந்து, சபையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அவரு வந்துட்டே இருக்காருங்க. ஏத்தம் கொஞ்சம் அதிகம். சித்த பொறுங்க."

மாப்பிள்ளை வீட்டார் முழித்தார்கள். பாவாயம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து, சென்னியப்பன் காதருகில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "அவரு வர்றப்ப வரட்டும். அவருக்குப் பதிலா நீங்க வந்து நில்லுங்க."

இது சென்னியப்பனுக்கும் பொருத்தமாகப் பட்டது. தனக்குப் பதிலாகத் தானே போய் நின்று, மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். நன்றாகவே செய்தார். சங்கத்தார் மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பந்தியில் சென்னியப்பனுக்குப் பக்கத்தில் டாக்டர் உட்கார்ந்தார். சங்கம் எதிர் வரிசையில். இலையில் ஜாங்கிரி விழுந்தது. நல்ல சிவப்பு, பாகு வழிகிறது. சென்னியப்பன் அதைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சாப்பிடுங்க, நான்தான் சொல்லிட்டேனே" என்றார் டாக்டர்.

"எப்படிங்க சார்? மலையேறுனது பூரா அவரு. ஜாங்கிரியை மட்டும் நான் திங்கறதுங்களா? அந்த மனுசன் பச்சத்தண்ணி இல்லாம பனியில நிக்கறாரு." சென்னியப்பன் கண்ணில் நீர் முட்டியது.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் டெஸ்ட் பண்ணது உங்க ரத்தம்தானே? உங்களுக்குத்தானே சர்க்கரை இறங்கியிருக்கு?"

இந்தக் கேள்வியில் சங்கம் அசந்துபோனது. பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வந்து, நின்று பார்த்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனார். மயிலானந்தம் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"அண்ணா, அவரு அங்க மிதிச்சாரு. சர்க்கரை இங்க உங்களுக்கு எறங்குச்சு. சரிதானுங்களா?"

"சரிதான்."

"அப்ப நீங்க இங்க ஜாங்கிரி தின்னா, சர்க்கரை அங்க அவருக்குத்தான ஏறும்?"

சென்னியப்பன் பின்னால் இழுத்துக்கொண்ட கையை இலைக்குக் கொண்டுவந்தார். பிறகு ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். முடித்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொன்று வைக்கச் சொன்னார். அதையும் தின்றுவிட்டு ஜாங்கிரித் தட்டையே வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, ஒண்ணுதான் சொன்னேன்! ஒண்ணே ஒண்ணு!" என்று டாக்டர் பாதி எழுந்துவிட்டார்.

"பயப்படாதீங்க சார். அவரு ஏத்தத்துலதான நிக்கறாரு, கூட நாலு மிதி மிதிச்சாச் சரியாப் போயிரும்" என்றார் சென்னியப்பன் வாய் நிறைய. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. எவ்வளவு இருந்தாலும் சொந்த உடம்பல்லவா? நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, "எதுக்கும் ஊட்டுக்குப் போய் ஒரு எட்டு பாத்துட்டு வா. அவருக்குத் தலை கிலை சுத்துதான்னு" என்று அனுப்பினார்.

நாச்சிமுத்து எச்சில் கையோடு ரோட்டைத் தாண்டி ஓடி, டி.வி.யை உற்றுப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"ஒண்ணும் பயமில்லீங்ண்ணா, ஒரு காலை ஊனித் திடமா நிக்கறாரு. இன்னும் நாலு தாங்குவாரு."